மியூசிக்கல், கேபரே பாடகராகப் பிழைக்க வந்தவர்களுக்கு: விசாவிலிருந்து தொடங்குவோம்

லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ புதிதாக வந்து, "எனக்கு நல்ல குரல், மியூசிக்கல் தியேட்டரில் நுழைய என்ன வழி?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். மியூசிக்கல் என்றால் பாட்டாலும் நடிப்பாலும் கதை சொல்லும் மேடை நாடகம், கேபரே என்றால் சின்ன அறையில் நீங்களே நடத்தும் பாட்டு நிகழ்ச்சி. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் போகும்.

ஆடிஷனைத் தேடுவதற்கு முன் உங்கள் விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர்கள் சுயதொழில் செய்யக் கூடாது, மேடைக் கலைஞராகச் சம்பாதிக்கவும் கூடாது. பகுதிநேர வேலைக்கு அனுமதி இருக்கிறதே என்று வாதாடாதீர்கள், அந்த அனுமதி கடையில் நிற்கச் செல்லுமே தவிர மைக் முன்னால் காசு வாங்கிப் பாடச் செல்லாது. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசா என்றால் உங்களை ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்கு மட்டும்தான் உழைக்கலாம், சனிக்கிழமை ராத்திரி ஒரு பாருக்குப் பாடிப் பணம் வாங்கினாலும் சிக்கல்தான். ஓ-1 விசா ஏற்கனவே பெயர் வாங்கியவர்களுக்கு, தொடங்குகிறவர்களுக்கு இல்லை. பிரிட்டனுக்குக் கணவன் அல்லது மனைவியின் வேலை விசாவோடு துணையாக வந்தவர்களுக்குத்தான் கை தாராளம், அநேகமாக எந்த வேலையும் செய்யலாம், சுயதொழிலும் உட்பட. மற்றவர்கள் முதல் காசை வாங்குவதற்கு முன்னால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது தொழிலுக்கு வருவோம். மியூசிக்கலும் கேபரேயும் வேறு வேறு பிழைப்பு. மியூசிக்கலில் நீங்கள் ஒரு பெரிய இயந்திரத்தில் ஓர் உறுப்பு. வாரத்துக்கு 8 காட்சி, நேற்றுப் பாடியது போலவே இன்றும் பாட வேண்டும், உங்கள் கற்பனைக்கு அங்கே அவ்வளவாக இடம் இல்லை. லண்டனில் 1985இல் தொடங்கிய லே மிசராப்ளும் 1986இல் தொடங்கிய ஃபேன்டம் ஆஃப் தி ஓப்பராவும் இன்னும் ஓடுகின்றன என்றால், பின்னால் நூற்றுக்கணக்கான பாடகர்கள் வந்து, பாடி, ஒப்பந்தம் முடிந்து போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலானவர்களின் வேலை நாயகன், நாயகி இல்லை. குழுவில் பாடுவது, அண்டர்ஸ்டடியாக ஒரு வேடத்தைக் கற்றுவைத்துக் காத்திருப்பது, அல்லது ஸ்விங். ஸ்விங் என்றால் குழுவில் பலருடைய இடத்தையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்று மாலை அவர் இடத்தில் நிற்பவர். என்னைக் கேட்டால் அந்த அரங்கிலேயே கெட்டிக்காரர் அவர்தான், போஸ்டரில் பெயர்தான் வராது.

நம் ஆட்கள் குரல் எட்டுமா என்று பயப்படுகிறார்கள். ஐந்து கட்டை சுருதியில் கர்நாடக சங்கீதம் பாடும் பெண்ணுக்கு மேல் பஞ்சமம் எங்கே வருகிறது என்று பியானோவில் தொட்டுப் பாருங்கள், நடு சி தொடங்கும் ஸ்தாயிக்கு அடுத்த மேல் ஸ்தாயியில் இருக்கும் டி. இங்கே நெஞ்சுக் குரலில் உரக்கப் பாடும் 'பெல்ட்' பாட்டுகளின் உச்சம் பல சமயம் அந்தப் பக்கம்தான். ஆகவே எட்டுவது பிரச்சினை இல்லை, ஒரு சுரத்தை ஆட்டாமல் நேராக நிறுத்துவதும், சொல்லின் கடைசி மெய்யெழுத்தை விழுங்காமல் உச்சரிப்பதும், பாடிக்கொண்டே நடிப்பதும்தான் பிரச்சினை. கூடவே நோட்டேஷன் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஒத்திகையில் தாளைக் கையில் கொடுத்துவிட்டு உடனே பாடச் சொல்வார்கள்.

ஆடிஷனில் பெரும்பாலும் 16 அல்லது 32 பார் (நோட்டேஷனில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) கேட்பார்கள், அதாவது ஒரு நிமிடம், சற்று முன்பின். அதில் ஆலாபனைக்கெல்லாம் நேரம் இல்லை, பாட்டின் சூடான பகுதியிலிருந்தே எடுத்துவிட வேண்டும். பியானோக்காரருக்கான தாள் உங்கள் சுருதியிலேயே அச்சடித்து, எங்கே தொடங்குவது எங்கே நிறுத்துவது என்று தெளிவாகக் குறித்திருக்க வேண்டும். மெல்லிசைக் குழுவில் "அரைக் கட்டை இறக்குங்க" என்றால் கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அழுத்திவிடுவார். இங்கே அறையில் இருப்பது நிஜப் பியானோ, பட்டன் கிடையாது, உங்களைத் தேர்வு செய்பவர்கள் முன்னாலேயே அவரைத் தடுமாற வைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். வேகத்தைச் சொல்ல விரலைச் சொடுக்கவும் வேண்டாம், இரண்டு வரியை அதே வேகத்தில் மெல்லிய குரலில் பாடிக் காட்டினால் போதும்.

கேபரே நேர் எதிர். (வீட்டில் பெரியவர்கள் கேட்டால் சொல்லுங்கள், பழைய படங்களில் வில்லனின் கிளப்பில் நடக்கிற நடனம் இல்லை இது.) சின்ன அறை, ஒரு பியானோ, சுமார் ஒரு மணி நேரம், நீங்களே பாட்டுகளைத் தேர்ந்து, நடுநடுவே பேசி, ஒரு மாலையைத் தாங்க வேண்டும். லண்டனில் க்ரேஸி காக்ஸ், நியூயார்க்கில் 54 பிலோ, டோன்ட் டெல் மாமா போன்ற இடங்களில் போய் உட்கார்ந்து கேளுங்கள், குரலைவிடப் பேச்சுதான் ஆட்களைப் பிடித்து வைக்கிறது என்று புரியும். நாடகப் பள்ளி படிக்காமல், 35 வயதுக்கு மேல் வந்து இறங்கியவர்களுக்கு நான் இந்தக் கதவைத்தான் காட்டுவேன். இங்கே வயது ஒரு தடையே இல்லை. 1950களில் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் நாயகியாக இருந்த பார்பரா குக் 1975இல் அங்குள்ள கார்னகி ஹாலில் பாடித் தன் இரண்டாம் வாழ்க்கையைத் தொடங்கினார், அப்புறம் 80 வயது தாண்டியும் பாடிக்கொண்டிருந்தார். பியானோ வாசித்துப் பாடும் பாபி ஷார்ட் 1968 முதல் 35 வருடத்துக்கும் மேலாக நியூயார்க்கின் கார்லைல் ஹோட்டலின் ஒரே அறையில் பாடினார்.

ஆனால் பணம்? பியானோக்காரருக்கும் ஒத்திகைக்கும் செலவு உங்களுடையது, டிக்கெட்டில்தான் பங்கு. இத்தனை டிக்கெட் விற்றே ஆக வேண்டும், விற்காவிட்டால் நீங்கள் கட்டுங்கள் என்று நிபந்தனை போடும் அறையை முதல் வருடம் தொடாதீர்கள். ஏஜென்ட் உங்கள் சம்பளத்திலிருந்து கமிஷன் எடுப்பது வழக்கம், சேர்வதற்கே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நிலையான சம்பளம் வேண்டுமென்றால் சொகுசுக் கப்பல்கள் இருக்கின்றன, சில மாத ஒப்பந்தம், தங்க இடமும் உண்டு. தெஹ்ரானில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, கப்பலில் பாடிவிட்டு, 2007இல் லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டில் ஃபேன்டம் வேடத்தில் நின்ற ராமின் கரிம்லூ அந்த வழியாகத்தான் போனார்.

தமிழர்களுக்கென்றே ஒரு விஷயம், பெயர். பிரிட்டனின் மேடைக் கலைஞர்கள் சங்கமான ஈக்விட்டியில் ஒரே தொழில் பெயரில் இரண்டு பேர் இருக்கக் கூடாது என்ற விதி நெடுநாள் இருந்தது, இப்போது எப்படி என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இனிஷியலா, அப்பா பெயரா, முழுப் பெயரா என்று சங்கத்தில் சேர்வதற்கு முன்பே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். ஒப்பந்தத்திலும் வரிப் படிவத்திலும் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள், மேடைப் பெயர் மட்டும் அங்கே போதாது.

உங்கள் விசா வகை, சுருதி, மேடை அனுபவம் மூன்றையும் கீழே எழுதுங்கள், எந்த மாதிரிப் பாட்டிலிருந்து தொடங்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லப் பார்க்கிறேன்.