பயந்தது ஒன்றுக்கு, வந்தது வேறொன்று

வாய்வழி உறவுக்குப் பிறகு நோய் வந்திருக்குமோ என்று பயந்து இந்த இணைய மன்றத்தில் எழுதியிருப்பவர்களில் பெரும்பாலோர் எச்.ஐ.வி.யைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். வாய்வழி உறவுக்கு மறுநாள் காலையிலேயே மனம் நேராக அங்கேதான் போனது. என்னோடு இருந்தவருக்கு நோய் ஏதும் உண்டா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் அளவுக்குப் பழக்கமும் இல்லை. ஆணுறையும் போடவில்லை. தூக்கம் போவதற்கு இவ்வளவு போதாதா?

மருத்துவரிடம் உட்கார்ந்ததும் எனக்கு எச்.ஐ.வி. வந்திருக்குமா என்றுதான் கேட்டேன். பதிலுக்கு அவர் வரிசையாகக் கேட்டார். வாயால் செய்தது நீங்களா, அவரா, இருவருமா? வாய்க்குள் விந்து போனதா? வாயில் புண், ஈறில் ரத்தக்கசிவு ஏதாவது இருந்ததா? நடந்து எத்தனை நாள் ஆகிறது? சளி, இருமலுக்குக் கேட்பதுபோல, முகத்தில் சலனமே இல்லாமல் கேட்டார். அந்தத் தொனியிலேயே எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எந்த மருத்துவரிடம் போவது என்று யோசிப்பவர்களுக்கு நான் சொல்லும் தகுதி இது ஒன்றுதான்: இந்தக் கேள்விகளைக் கூசாமல் கேட்பவராக இருக்க வேண்டும். பொதுவாக எல்லாவற்றுக்கும் ரத்தம் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுபவரிடம் பாதி விஷயம் விட்டுப்போகும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

எச்சில் வழியாக எச்.ஐ.வி. பரவுவதில்லை. ஆகவே, உங்களுக்கு ஒருவர் வாயால் செய்தார் என்றால் அந்த வழியில் தொற்று வர வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். நீங்கள் செய்தீர்கள் என்றாலும் மிகமிகக் குறைவு. வாயில் திறந்த புண்ணும் இருந்து, விந்தும் உள்ளே போயிருந்தால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் அவசர மருந்து உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். வாய்வழி உறவு மட்டும்தான் என்றால் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. தேவையா இல்லையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆனால் அந்த 72 மணி நேரத்தை இணையத்தில் படித்தே கழித்துவிடாதீர்கள்.

நான் நிம்மதியாக எழுந்திருக்கப் பார்த்தபோது, "தொண்டையில் மாதிரி எடுக்க வேண்டும்" என்றார். எதற்கு, எனக்குத் தொண்டை வலியே இல்லையே என்றேன். அதனால்தான் என்றார். கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுகள் இரண்டுமே தொண்டையில் குடியேறும். பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ காட்டாது. சிறுநீர்ப் பரிசோதனையில் தொண்டைத் தொற்று தெரியாது. வழக்கமான ரத்தப் பரிசோதனைப் பட்டியலிலும் அது வராது. கேட்டுத்தான் எடுக்க வேண்டும். நீளமான பஞ்சுக்குச்சியை உள்நாக்குக்கு இருபுறமும் தேய்ப்பார்கள். எனக்குக் குமட்டிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவுதான் வேதனை.

எனக்குத் தொண்டையில் கொனோரியா இருந்தது. நான் அதன் பெயரைக்கூட ஒருமுறை தேடிப் பார்த்திருக்கவில்லை. ஊசி ஒன்று போட்டார்கள். தொண்டைத் தொற்று எளிதில் முழுதாக ஒழிவதில்லை என்பதால் ஓரிரு வாரம் கழித்து மறுபடி பஞ்சுக்குச்சி. அதில் தொற்று இல்லை என்று வந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நோய் ஊசியோடு போய்விட்டது, பயம் போகவில்லை. ஒன்று வந்திருக்கிறதே, மற்றவையும் வந்திருக்காதா என்று கிளம்பியது அடுத்த சுற்று. கைபேசி விளக்கை வாய்க்குள் அடித்துக் கண்ணாடி முன் நிற்பேன். நாக்கின் பின்பக்கம், தொண்டை தொடங்கும் இடத்தில் வரிசையாகச் சில பெரிய மொட்டுகள் தெரிந்தன. கை நடுங்கியபடி படம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். எல்லோருக்கும் இருக்கும் சுவை மொட்டுகள் என்றார். உதட்டின் உட்புறத்து வெளிர்மஞ்சள் புள்ளிகளா? எண்ணெய்ச் சுரப்பிகள், அவையும் இயல்பானவையே. மேலே ஒரு நண்பர், சீழ் வருகிறதா என்று ஆண்குறியைத் தினமும் அமுக்கிப் பார்ப்பதாக எழுதியிருந்தார். ஐயா, அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்த உரசலிலேயே எரிச்சலும் கசிவும் வரும். தொண்டையில் ஏதோ அடைத்திருப்பதுபோல் தோன்றுவது, வாய் உலர்வது, அடிக்கடி சிறுநீர் முட்டுவது, இவையெல்லாம் பதற்றமும் செய்யக்கூடிய வேலைகள்.

உறவு நடந்த நாளிலிருந்து எத்தனை நாள் கழித்து எந்தப் பரிசோதனை என்ற கணக்கை ஒருமுறை தெளிவாகக் குறித்துக்கொண்டது எனக்கு உதவியது. கொனோரியா, கிளமிடியா: சுமார் இரண்டு வாரம் கழித்து. எச்.ஐ.வி.: ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை (கிருமியின் புரதம், அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இரண்டையும் ரத்தத்தில் தேடுவது) என்றால் 45 நாளில் முடிவாகச் சொல்லிவிடலாம். சிபிலிஸ் என்ற இன்னொரு பால்வினை நோய்: மூன்று மாதம். சிபிலிஸ் புண் வாயிலோ உதட்டிலோ வரலாம், வலிக்காது, தானாகவே ஆறியும் விடும். எனவே புண் இல்லை என்று கண்ணாடி சொல்வதில் பயனில்லை, ரத்தம்தான் சொல்ல வேண்டும். இந்தத் தேதிகளுக்கு முன்னால் எடுக்கும் 'இல்லை' மனதுக்கு நிற்காது. பின்னால் எடுத்த 'இல்லை' வந்தபின்னும் மாதாமாதம் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தால், அது இனி பால்வினை நோய் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம் அல்ல.

நான் மனநல ஆலோசகரிடம் போனேன். அவர் பயப்படாதே என்று சொல்லவில்லை. பயம் வரட்டும், கண்ணாடிப் பக்கம் மட்டும் போகாதீர்கள் என்றார். விளக்கைக் கையில் எடுக்கத் தோன்றினால் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுவது, பிறகு இன்னும் கொஞ்சம். முதலில் நெஞ்சு படபடக்கும். பார்க்காமலே படபடப்பு அடங்குவதை உடம்பு ஒருமுறை கண்டுகொண்டால் அடுத்த முறை சுலபம். இணையத் தேடலுக்கும், "எனக்கு ஒன்றும் இருக்காதுதானே" என்று நண்பர்களை நச்சரிப்பதற்கும் இதே வைத்தியம்தான். என் பயத்தில் பாதி, நோயைப் பற்றியதே அல்ல, 'தண்டனை' வர வேண்டும் என்று உள்ளே எதுவோ காத்துக்கொண்டிருந்தது என்பதும் அங்கே பேசியபோதுதான் புலப்பட்டது. கிருமிக்கு ஒழுக்கம் தெரியாது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

என்னோடு உறவில் இருந்தவருக்குச் சொன்னேனா என்று கேட்டிருந்தீர்கள். சொன்னேன். "எனக்குத் தொண்டையில் கொனோரியா இருப்பதாக வந்தது, சிகிச்சை எடுத்துவிட்டேன், நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்." யாரிடமிருந்து யாருக்கு என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. நன்றி, போகிறேன் என்று பதில் வந்தது. அந்தச் செய்தியை அனுப்பத்தான் எனக்கு ஊசியைவிட அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது.

வீட்டில் தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனியாக வைத்திருப்பதாக எழுதிய நண்பருக்கு: கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் எச்.ஐ.வி.க்கும் அது தேவையில்லை, எடுத்து வையுங்கள். சிகிச்சைக்குப் பின் ஏழு நாள் எந்த உறவும் வேண்டாம், வாய்வழியும் சேர்த்துத்தான். அதற்குள் உங்கள் இணையும் சிகிச்சை எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் போனது திரும்பி வரும்.