மரக்கறிக் கடைக்குப் பக்கத்தில் கஞ்சாக் கடை

குழு: நடராசா குடும்பம் (பருத்தித்துறை, ஸ்காபரோ, லண்டன்)

ரவி சித்தப்பா: [படம்]

ரவி சித்தப்பா: நாங்கள் முருங்கைக்காய் வாங்கும் கடைக்குப் பக்கத்துக் கடையைப் பாருங்கள். போன வருடம் வரை சேலைக் கடை. இப்போது கஞ்சாக் கடை.

பெரியம்மா: கண்ணாடியெல்லாம் மூடிக் கிடக்கிறதே. பூட்டிய கடையா?

ரவி சித்தப்பா: திறந்த கடைதான் அக்கா. உள்ளே இருக்கும் சாமான் வெளியே தெரியக் கூடாது என்று சட்டம்.

பெரியம்மா: வெளியே காட்ட வெட்கப்படும் சாமானை விற்பானேன்?

மது: வெட்கத்துக்காக இல்லை பெரியம்மா, சின்னப் பிள்ளைகளின் கண்ணில் படக் கூடாது என்றுதான். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 19 வயது ஆகாதவர்கள் அந்தக் கடைக்குள் காலே வைக்க முடியாது. 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீற்றருக்குள் கடை போட முடியாது.

அபி: அப்பாவிடம் அட்டை கேட்க மாட்டார்கள் 😂

ரவி சித்தப்பா: நான் போனால்தானே கேட்பதற்கு. நீ படிக்கிற வேலையைப் பார்.

செந்தில் மாமா: சிகரெட்டை ஒழிக்கப் பாடுபடும் நாடு கஞ்சாவுக்குக் கடை திறந்து கொடுக்கிறது. நல்ல கூத்து. இங்கே பிரிட்டனில் 2004இல் கஞ்சாவை ஒரு படி இறக்கி, தண்டனை குறைந்த 'சி' வகுப்புப் போதைப்பொருளாகப் போட்டார்கள். 2009இல் திரும்ப 'பி'க்கு ஏற்றிவிட்டார்கள். இவர்களுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை.

மது: மாமா, கனடாவில் 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சாவை அனுமதிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முதல் நாள் இங்கே யாரும் கஞ்சா குடிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? 1923இலேயே தடை செய்துவிட்டார்கள். ஏறக்குறைய நூறு வருடத் தடைக்குப் பிறகும் எந்த உயர்தரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் யாரிடம் வாங்கலாம் என்று தெரிந்துதான் இருந்தது. விற்கிறவன் அடையாள அட்டை கேட்டதில்லை.

ரவி சித்தப்பா: அது உண்மைதான். நான் 90களில் பீட்சா கடையில் இரவு வேலை செய்தபோது பின்வாசலில் அதுதான் வியாபாரம்.

அபி: அப்பா???

ரவி சித்தப்பா: பார்த்தேன் என்று சொல்கிறேன். வாங்கினேன் என்று சொல்லவில்லை.

ரவி சித்தப்பா: ஆனால் எனக்கு விளங்காத ஒன்று. முன்னாள் ரொறன்ரோ பொலிஸ் தலைமை அதிகாரி ஜூலியன் ஃபான்ரினோ கஞ்சாவைச் சட்டமாக்கவே கூடாது என்று நின்ற ஆள். 2017இல் பார்த்தால் மருத்துவக் கஞ்சா நிறுவனம் ஒன்றின் தலைவர். அப்போது பிடித்து உள்ளே போட்ட பெடியன்களுக்கு என்ன பதில்?

மது: அதுதான் சித்தப்பா எனக்கும் கோபம் வருகிற இடம். எங்கள் சட்ட அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். 19 வயதில் பூங்காவில் ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டோடு பிடிபட்டவர். இப்போது இரண்டு பிள்ளைகள். பாதுகாப்புச் சோதனை கேட்கும் எந்த வேலைக்குப் போனாலும் அந்தப் பதிவு எட்டிப் பார்க்கும். அவர் வந்த நாளில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே அதே சாமானை ரசீது போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மா: அந்தப் பதிவை அழிக்க முடியாதா?

மது: 2019இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். சும்மா வைத்திருந்ததற்காக மட்டும் தண்டனை பெற்றவர்கள் கட்டணமில்லாமல் விண்ணப்பிக்கலாம். ஆனால் எந்த நீதிமன்றம், எந்தப் பொலிஸ் என்று தேடி, பழைய கடதாசியெல்லாம் நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் சில வருடங்களில் சில நூறு பேருக்குத்தான் கிடைத்தது. அரசாங்கம் தன் கணினியில் தானே அழித்திருக்கலாம். அப்போது அதைச் செய்யவில்லை.

செந்தில் மாமா: சரி, கள்ளச் சந்தை ஒழிந்ததா? அதைச் சொல்.

மது: முழுக்க ஒழியவில்லை. கிராமுக்கு ஒரு டொலர் வரி, அதற்கு மேல் விற்பனை வரி. ஆரம்பத்தில் கடை விலை அதிகம், கடைகளும் குறைவு. ஒன்ராறியோவில் முதல் கடைகள் திறந்ததே 2019 ஏப்ரலில்தான். பிறகு விலை இறங்கியது. இப்போது அரசாங்கத்தின் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரும்பாலானவர்கள் சட்டப்படியான கடையில் வாங்குவதாகத்தான் சொல்கிறார்கள். மிச்சம் பேர் இன்னும் பழைய ஆளிடம்தான்.

குமரன் அண்ணா: மது, இங்கே பருத்தித்துறையில் நிலைமை வேறு. கடற்கரையில் வாரம் தவறாமல் கேரளக் கஞ்சாப் பொதி பிடிபட்ட செய்தி வரும். மூட்டையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். அடுத்த வாரமும் அதே படம்.

குமரன் அண்ணா: 2023 டிசம்பர் 17இல் 'யுக்திய' என்று பொலிஸ் போதை ஒழிப்பு வேட்டை தொடங்கினார்களே, நினைவிருக்கிறதா? முதல் ஒரு மாதத்துக்குள் நாடு முழுக்க 20,000 பேருக்கு மேல் கைது. 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்களே இதை நிறுத்துங்கள் என்றார்கள்.

பெரியம்மா: எங்கள் சந்தியில் ஓட்டோ ஓடுகிற தம்பியை மறித்து, இருக்கையைக் கழற்றி, சேட்டுப் பையைப் புரட்டிப் பார்த்தார்கள். மாவாப் பாக்குக்கூட இருக்கவில்லை. அன்றைக்குப் பாதி நாள் ஓட்டம் போச்சு. பெரிய முதலாளி யாரையாவது அப்படி நடுரோட்டில் நிறுத்தினார்களா என்றால் இல்லை.

குமரன் அண்ணா: அம்மாவே சொல்லிவிட்டார். ஒரு வருடம் ஆர்ப்பாட்டம் செய்தும் ஐஸ் என்கிற போதைப்பொருள் குறையவில்லை. விளக்கமறியலுக்குப் போய் வந்த பெடியன்களுக்கு உள்ளே இன்னும் நாலு ஆட்களைத் தெரிந்ததுதான் மிச்சம்.

செந்தில் மாமா: அதற்காகக் கடை திறப்பதா? தாய்லாந்தைப் பார். 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். சட்டம் எழுதாமலே கதவைத் திறந்ததால் தெருவுக்குத் தெரு கடை. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பி வந்தார்கள்.

மது: அது நல்ல உதாரணம் மாமா, ஆனால் என் பக்கத்துக்கு 😊 தடையை எடுப்பது பாதி வேலைதான். வயது, அளவு, பொதி, விளம்பரம் எல்லாவற்றுக்கும் முதலில் விதி எழுத வேண்டும். இங்கே 30 கிராமுக்கு மேல் வெளியே கொண்டு திரிய முடியாது. சிறுவர்களுக்கு விற்றால் 14 வருடம் வரை சிறை.

ரவி சித்தப்பா: விதி இருந்தும் பிழைத்த இடம் இருக்கிறதே. அந்த இனிப்பு.

மது: ஓம் சித்தப்பா, அதை மறைக்க மாட்டேன். 2019 அக்டோபரில் சாப்பிடும் வகைகளை அனுமதித்தார்கள். ஜெலி இனிப்பு, சொக்லேட், பிஸ்கட். பொதிக்குப் போதைச் சத்து 10 மில்லிகிராம் என்று அளவு வைத்தும், சின்னப் பிள்ளைகள் தவறிச் சாப்பிட்டு வைத்தியசாலைக்குப் போவது ஒன்ராறியோவில் கூடியது. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் இனிப்பு வடிவத்தில் விற்கவே விடவில்லை. அங்கே அவ்வளவு கூடவில்லை. வயதையும் 2020இல் 21ஆக உயர்த்தினார்கள். எனக்குக் கியூபெக் வழிதான் சரி என்று படுகிறது.

பெரியம்மா: மிட்டாயில் கலந்து விற்பார்களா? என்ன மூளை இது.

மது: வீட்டுக்கு வருகிறவர்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகும் இனிப்புப் பையைப் பாருங்கள் சித்தப்பா. சட்டப்படி விற்றதென்றால் சிவப்பு எண்கோணத்துக்குள் கஞ்சா இலை போட்டிருக்கும், பொதியும் பிள்ளைகளுக்கு இலேசில் திறக்காது. கள்ளப் பொதிகள்தான் பயம். வழக்கமான மிட்டாய்ப் பொதி மாதிரியே அச்சடிக்கிறார்கள்.

பெரியம்மா: எங்கள் அப்பப்பா காலத்தில் பரியாரியார் லேகியத்தில் ஒரு சிட்டிகை சேர்ப்பார். யாருக்கு, எவ்வளவு என்று அவர் கணக்கு. இப்போதும் ஆயுர்வேத மருந்துக்கு இங்கே அனுமதி உண்டுதானே. நான் செடியோடு சண்டை பிடிக்கவில்லை.

அபி: பெரியம்மா 🔥

பெரியம்மா: நீ துள்ளாதே. உனக்கு லேகியம் தேவையில்லை.

மது: அபி, உன் நண்பர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குடித்துவிட்டு, இழுத்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனையை 2018 டிசம்பரில் 10 வருடமாக்கினார்கள். அதனால் அது குடிவரவுச் சட்டத்தில் பாரதூரமான குற்றம் ஆகிவிட்டது. குடியுரிமை எடுக்காத நிரந்தர வதிவிடக்காரர் ஒரு தடவை தண்டனை பெற்றாலும் நாட்டை விட்டுப் போக வேண்டி வரலாம். கடையில் ரசீதோடு வாங்கியது இதில் காப்பாற்றாது.

அபி: அப்படியா? எங்கள் வகுப்பில் மாணவர் விசாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெரியாது.

மது: தெரியாதவர்கள்தான் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். அப்புறம், நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும்போது யாருடைய பொதியையும் வாங்கி வைக்காதே. இங்கே சட்டம் என்றாலும் எல்லை தாண்டினால் குற்றம். கனடாச் சட்டத்திலேயே அதற்கும் 14 வருடம் வரை.

குமரன் அண்ணா: கொழும்பில் பிடிபட்டால் அதைவிடப் பெரிய கதை. ஆனால் மது, எனக்கு ஒரு கேள்வி. இங்கே பெடியன்களைத் தின்பது கஞ்சா இல்லை. ஐஸும் ஹெரோயின் தூளும். அதற்கு உன் கடை என்ன செய்யும்?

மது: ஒன்றும் செய்யாது அண்ணா. கஞ்சாவைச் சட்டமாக்கிய பிறகும் இங்கே ஃபென்ரனில் என்ற கடும் போதைமருந்தால் வரும் சாவு நிற்கவில்லை. கடினமான போதைக்குக் கடை திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதற்குப் போர்த்துக்கல் வழி இருக்கிறது. 2001 ஜூலையிலிருந்து அங்கே எந்தப் போதைப்பொருளானாலும் பத்து நாள் பாவனைக்கு உட்பட்ட அளவு வைத்திருந்தால் சிறை இல்லை. மூன்று பேர் கொண்ட குழுவுக்கு முன்னால் போக வேண்டும். சட்டம், மருத்துவம், சமூகசேவை தெரிந்தவர்கள். அவர்கள் சிகிச்சைக்கு அனுப்பலாம், அபராதம் போடலாம், விட்டுவிடலாம். விற்கிறவனுக்கு வழக்கம்போல் சிறைதான்.

செந்தில் மாமா: அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 2020இல் அதைத்தான் வாக்கெடுத்துப் பார்த்தது. 2024இல் திரும்பக் குற்றமாக்கிவிட்டது.

மது: ஓம் மாமா. ஓரிகன் தண்டனையை முதலில் எடுத்தது, சிகிச்சை நிலையங்களுக்குக் காசு பிந்தித்தான் போனது. போர்த்துக்கல் இரண்டையும் சேர்த்துச் செய்தது. ஊசி ஏற்றுகிறவர்களிடம் எச்ஐவி தொற்று அங்கே நன்றாகக் குறைந்தது.

குமரன் அண்ணா: இங்கே சிகிச்சைக்கு என்று ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் எங்கே போவதென்று முதலில் யாராவது சொல்ல வேண்டும்.

பெரியம்மா: ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் கூட்டம். பள்ளிக்கூட வாசலில் பொலிஸ் போடச் சொல்லி மனு கொடுக்கப் போகிறார்கள். மது, அந்தப் போர்த்துக்கல் விசயத்தை எழுதி அனுப்பு, நான் வாசிக்கிறேன். கஞ்சாக் கடையைப் பற்றி ஒரு சொல் வேண்டாம். அதை எடுத்தால் மற்றதைக் கேட்க மாட்டார்கள்.

மது: சரி பெரியம்மா. இரண்டு பக்கத்துக்குள் எழுதுகிறேன்.

பெரியம்மா: ஒரு பக்கம். பெரிய எழுத்தில்.