பதில்: 'லைட்வெயிட்' லினக்ஸுக்குத் தமிழ்ச்சொல்: 'சிக்கன' என்று முன்மொழிகிறேன்

வணக்கம் நண்பர்களே,

> 'இலகுரக லினக்ஸ்' என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறோமே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

குறைந்த நினைவகத்திலும் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தைத்தான் ஆங்கிலத்தில் 'லைட்வெயிட்' என்கிறார்கள். நானும் இத்தனை நாள் அதை 'இலகுரக' என்றுதான் எழுதிவந்தேன். போன வாரம் ஒரு பழைய மடிக்கணினியோடு மல்லுக்கட்டியபோதுதான் அந்தச் சொல் நமக்கு வேலை செய்யவில்லை என்று பட்டது.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு மடிக்கணினி அது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்தது. பரணில் ஒரு துணிப்பைக்குள் கிடந்தது. 2 ஜிபி நினைவகம், சுழலும் வட்டு. பேட்டரி சுத்தமாகப் போய்விட்டது, சார்ஜரைச் செருகினால்தான் உயிர். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. இதில் அதற்கு வழியே இல்லை.

முதலில் லுபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டேன். திரை வந்து நிற்கும்போதே ஏறக்குறைய 500 எம்பி போய்விட்டது. ஓடத்தான் செய்தது. ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் நான்காவது கீற்றை (டேப்) திறந்ததும் வட்டு கரகரக்கத் தொடங்கியது, சுட்டி அப்படியே நின்றுவிட்டது. நினைவகம் தீர்ந்து, மீதியை வட்டில் எழுதி எழுதி எடுக்கும்போது கேட்கிற சத்தம் அது. பழைய கணினி வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் காதில் நிற்கும். அப்புறம் ஆன்டிஎக்ஸ் என்ற இன்னொரு லினக்ஸ் போட்டேன். டெபியன் என்ற லினக்ஸை அடியாகக் கொண்டது, கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்குகிற சிஸ்டம்டி கிடையாது, ஐஸ்டபிள்யூஎம் என்ற சாளர மேலாளரோடு வருகிறது. அதில் தொடக்கத்தில் 250 எம்பிகூட ஆகவில்லை. கூடவே இசட்ரேம் என்ற லினக்ஸ் வசதியையும் இயக்கினேன். வட்டுக்குத் தள்ள வேண்டிய பக்கங்களை அது நினைவகத்திலேயே சுருக்கி வைத்துக்கொள்வதால் அந்தக் கரகரப்பு அடங்கிவிட்டது. இப்போது அக்கா மகள் தினமும் சாயங்காலம் அதில் தமிழ்99 விசைப்பலகை பழகுகிறாள். அவள் அம்மா தட்டிய அதே விசைகள். 'அ' விசையின் மேல் அச்சு தேய்ந்து போயிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது அம்மா வந்து என்னடா பண்ணுகிறாய் என்றார். "இதுல இலகுரக லினக்ஸ் போடுறேம்மா" என்றேன். கணினியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனம் அப்படியேதானே இருக்கு" என்றார். உண்மையாகவே கேட்டார். நான் விளக்கினேன்: பெரிய மென்பொருள் நிறைய நினைவகம் பிடிக்கும், இது கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்யும் என்று. "அப்போ சிக்கனமா ஓடும்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு சொல் தோன்றவே இல்லை. சிக்கன லினக்ஸ், சிக்கனப் பணிச்சூழல், சிக்கன உலாவி.

ஏன் என்று சொல்கிறேன். 'இலகுரகம்' நமக்கு ஓட்டுநர் உரிமத்திலிருந்தும் போர் விமானச் செய்தியிலிருந்தும் வந்த சொல். அங்கே எடை உண்மையிலேயே எடைதான், கிலோ கணக்கு. மென்பொருளில் எடை என்பது ஆங்கிலத்துக்காரர்கள் பிடித்த உவமை. அந்த உவமையையும் சேர்த்து நாம் சுமக்க வேண்டியதில்லை. அதிலும் 'எடை குறைந்த மடிக்கணினி' என்பது கடையில் தனியாக விற்கிற ஒரு பொருளாக இருக்கும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. இலங்கை நண்பர் ஒருவர் இந்த இழையிலேயே சொன்னதையும் நினைத்துப் பாருங்கள்: அங்கே 'இலகு' என்றால் சுலபம். 'இலகுரக லினக்ஸ்' என்றதும் பழகுவதற்குச் சுலபமானது என்றுதான் அவர்கள் வாசிப்பார்கள். ஆன்டிஎக்ஸ் புதியவருக்கு அவ்வளவு சுலபமானது அல்ல, இணையத்தில் இணைக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொல்லை நம்பி வருகிறவர் ஏமாந்துபோவார்.

இன்னொன்று இலக்கணம். இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு கலைச்சொல் வாக்கியத்துக்குள் போனால் அசைய வேண்டும். 'ஆன்டிஎக்ஸ் லுபுண்டுவைவிட இலகுரகமானது' என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்காது. 'இலகுரகமாக ஓடுகிறது' என்று யாரும் பேச மாட்டார்கள். 'லுபுண்டுவைவிடச் சிக்கனமானது', 'சிக்கனமாக ஓடுகிறது', 'நினைவகத்தைச் சிக்கனப்படுத்து' எல்லாம் தானாக வருகின்றன. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மின்சாரத்தைச் 'சேமி' என்றும் கோப்பைச் 'சேமி' என்றும் ஒரே சொல்லை இரண்டு இடத்தில் போட்டு அல்லாடுகிறோமே, முதலாவதை 'மின்சிக்கனம்' ஆக்கிவிடலாம்.

எதிர்ச்சொல்லும் கையிலேயே இருக்கிறது: ஊதாரி. சும்மா திறந்து கிடக்கும்போதே ஒரு ஜிபி தின்கிற அரட்டைச் செயலி ஊதாரிச் செயலி. ஆவணங்களில் இதைப் போடத் தயங்குவீர்கள், புரிகிறது. பிழை அறிக்கையில் நான் போடுவேன்.

> சிக்கனம் என்றால் மட்டமானது, இல்லாதவர்களுக்கானது என்ற தொனி வந்துவிடாதா?

நல்ல கேள்வி, இதை யோசித்துப் பார்த்தேன். தமிழில் அந்தத் தொனிக்குக் கஞ்சத்தனம், மலிவு என்று வேறு சொற்கள் இருக்கின்றன. சிக்கனம் என்பது பாராட்டு. 'சிக்கனமான பொண்ணு' என்று வீட்டில் பெருமையாகத்தான் சொல்வார்கள். அந்த மடிக்கணினியை அரசு 'இலவச' என்று எழுதாமல் 'விலையில்லா' என்று எழுதியதும் இதே அக்கறையால்தான் என்று நினைக்கிறேன். வாங்குகிறவர் தலை குனியக்கூடாது. சிக்கனம் யாரையும் தலைகுனிய வைக்காது.

எல்லா இடத்திலும் பொருந்துமா என்றால், பொருந்தாது. வெற்று உரையில் சில குறிகளைப் போட்டே தலைப்பு, பட்டியல் எல்லாம் அமைக்கிற மார்க்டவுன் போன்றவற்றை 'லைட்வெயிட் மார்க்அப்' என்கிறார்கள். அங்கே விஷயம் வளம் அல்ல, எழுதுவதில் உள்ள எளிமை. அதற்கு 'எளிய குறிமொழி' போதும். பயனர் விவரம் போன்றவற்றை வைத்திருக்கும் அடைவுகளில் தேட உதவும் நெறிமுறையான எல்டேப்பின் முதல் எழுத்தும் இதே ஆங்கிலச் சொல்தான். எக்ஸ்.500 என்ற பழைய அடைவுத் தரத்தின் பெரிய நெறிமுறை கேட்ட ஏற்பாடுகள் இல்லாமல், இணையத்தின் வழக்கமான டிசிபி/ஐபி மேலேயே ஓடுவதால் வந்த பெயர். அங்கே சிக்கனம் சரியாகவே உட்காரும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்று கட்டாயம் வைத்தால்தான் 'இலகுரகக் குறிமொழி' போன்றவை பிறக்கின்றன. எல்எக்ஸ்டிஇ, எல்எக்ஸ்க்யூட்டி போன்ற பணிச்சூழல்களின் பெயர்களில் அந்த 'எல்' என்ன என்று விளக்க வரும்போது 'சிக்கன' என்று எழுதலாம். பெயர்களைத் தொட வேண்டாம்.

'குறைவள' என்று முன்மொழிந்த நண்பருக்கு: பொருள் சரிதான், ஆனால் அது கணினியைப் பற்றிச் சொல்கிறது. 2 ஜிபி மடிக்கணினி குறைவளக் கணினி, அதில் ஓடுவது சிக்கன மென்பொருள். இரண்டையும் சொற்பட்டியலில் தனித்தனியாகச் சேர்ப்போம் என்கிறேன்.

ஆன்டிஎக்ஸ் நிறுவல் குறிப்பைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். 'சிக்கன' போட்டே எழுதிக்கொண்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதற்குள் வட்டுப் பிரிப்புப் பகுதி முடிந்துவிடும். அந்தப் பகுதியில், வட்டின் ஒரு பிரிவைக் கோப்புறை அமைப்போடு இணைக்கிற 'மவுன்ட்' என்பதற்கு இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை. 'ஏற்று' என்று வைத்திருக்கிறேன், எனக்கே திருப்தி இல்லை.

அன்புடன்