சிடி பிளேயரின் கண்ணுக்கு ஒரு சொல்: படிகண்

குழுவினருக்கு வணக்கம்.

சிடி பிளேயர் லென்ஸைச் சுத்தம் செய்யும் தமிழ்க் கையேட்டுக்குச் சொல் தேடி மூன்று நாளாக ஓடும் இழையை இன்றுதான் முழுக்கப் படித்தேன். தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருபது வருடம் ரேடியோ, டேப், சிடி பிளேயர் ரிப்பேர் பார்த்தவன் என்பதால் எனக்கும் இதில் கொஞ்சம் உரிமை உண்டு.

> 'சீரொளி வில்லைச் சுத்திகரிப்பு' என்று முடித்துவிடலாமே?

சீரொளி என்றால் லேசர், வில்லை என்றால் லென்ஸ்; அப்படியே முடிக்கலாம். ஆனால் சுத்திகரிப்பு என்றதும் எனக்குக் கச்சா எண்ணெயும் சாக்கடைத் தண்ணீரும்தான் நினைவுக்கு வருகின்றன. நாம் பேசுவது மிளகு அளவு பிளாஸ்டிக் வில்லையைப் பற்றி. இத்தனை பெரிய சொல்லைத் தூக்கி வைத்தால் அது நசுங்கிவிடும்.

> லேசர், வில்லை, ஒளியுணரி எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு 'ஒளி எடுப்பி'.

எடுப்பு என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும், அதை விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. அது எதையும் எடுப்பதில்லை. ஒளியை அனுப்பி, சிடி தட்டில் பட்டு அதே வில்லை வழியாகத் திரும்பி வருவதைப் படிக்கிறது. 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஓடும் தடத்தைப் பிசகாமல் படிக்கிறது. கடையில் நாங்கள் லென்ஸ், ஹெட் என்போம். பெட்டியைத் தூக்கி வருகிறவர்களோ, "கண்ணு மங்கிடுச்சாங்ணா?" என்று கேட்பார்கள். சொல் அங்கேயே இருக்கிறது. தொகுதி முழுவதற்கும் படிகண், அதன் முகப்பில் இருப்பது படிகண் வில்லை.

படித்த கண், படிக்கிற கண், படிக்கும் கண் என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. அதனால் ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாது. தயவுசெய்து 'படிக்கண்' என்று எழுதி அதை மாடிப்படியில் ஏற்றிவிடாதீர்கள். இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், தூசி படிவதும் அந்தக் கண்ணில்தான். தட்டின் மேல் கிடக்கும் தூசியைப் பிளேயர் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஒளிக்கற்றை தட்டுக்குள் நுழையும் இடத்தில் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைக் கடந்த பிறகுதான் புள்ளியாகக் குவியும், அதனால் மேலே கிடக்கும் சின்னத் தூசி அதை முழுக்க மறைக்காது. ஆனால் வில்லையில் படலம் படிந்தால் போகிற ஒளியும் குறையும், வருகிற ஒளியும் குறையும். எந்தத் தட்டைப் போட்டாலும் திணறும்.

படிகம் என்ற சொல்லோடு குழப்பம் வராதா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வாக்கியத்தில் வரும்போது குழம்பாது என்றுதான் நினைக்கிறேன். சொல்லப்போனால் படிகத்துக்கும் இங்கே வேலை இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் மாவு மாதிரித் தூசி இருக்கும். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் என்ற படிகம் கண்ணாடியையே கீறும், பிளாஸ்டிக் எம்மாத்திரம்? அந்தத் தூசியோடு துணியை வைத்துத் தேய்த்தால் கதை முடிந்தது.

ஆகவே 'துடைப்பு', 'தேய்ப்பு' இரண்டையும் எதிர்க்கிறேன். கையேட்டில் வினை ஒற்றுதல் என்றே இருக்கட்டும். கண்ணை ஒற்றிக்கொள்வோம், காயத்தை ஒற்றி எடுப்போம். எவ்வளவு அழுத்தம் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. வரிசையும் முக்கியம்: மின்சாரத்தைப் பிடுங்கு, ரப்பர் ஊதியால் தூசியை ஊது, அப்புறம் ஒற்று. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஊதினாலே பாதிப் பெட்டிகள் பாடிவிடும். பென்னாகரம் பக்கத்துக் கோயில் சவுண்ட் சர்வீஸ் பெட்டிகள் மட்டும் அடங்காது, சாம்பிராணிப் புகை பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். அதற்குத்தான் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். பஞ்சுக்குச்சி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. ஒருவர் வீட்டிலேயே நகச்சாய நீக்கியால் சுத்தம் செய்துவிட்டு வந்தார். அதில் இருந்த அசிட்டோன் வில்லையை வெள்ளைப் பூத்த கண்ணாக்கிவிட்டது. தின்னரும் அப்படித்தான். இரண்டு பெயரையும் கையேட்டில் போட்டே எச்சரியுங்கள்.

வில்லையைத் தாங்கும் மெல்லிய கம்பிகளுக்கு 'தொங்கல் அமைப்பு' என்றிருக்கிறது. குச்சியால் தொட்டதும் அது அசைவதைப் பார்த்தால் எனக்குத் தூளிதான் தோன்றும். 'தூளிக்கம்பி' என்று எழுதப் போனேன், ஆனால் தூளிக்குத் தூசி என்றும் பொருள் இருக்கிறதே! தூசி தட்டும் கையேட்டில் அது வேண்டாம். எங்கள் பக்கம் ஏணை என்பார்கள். ஏணைக்கம்பி. பிள்ளை தூங்கும் ஏணையை யாரும் அழுத்த மாட்டார்கள், இதையும் அழுத்தக் கூடாது.

சீரொளியா லேசரா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எச்சரிக்கை வரியில் மட்டும் லேசர் என்றே இருக்கட்டும், அது எல்லாருக்கும் புரிய வேண்டிய இடம். சிடியில் வருவது 780 நானோமீட்டர், அகச்சிவப்பு. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமையும் தானாக மூடாது. மூடியைத் திறந்துபோட்டு ஓடவிட்டு, வில்லைக்கு நேரே குனிந்து பார்ப்பவர்களை நானே கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

கடைசியாக, லேசரின் வலுவைக் கூட்டும் குட்டித் திருகுக்கு 'திறன் திருகு' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். சொல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்தக் கையேட்டில் அது வேண்டாம். பெயரைப் பார்த்தால் திருப்பிப் பார்க்கத் தோன்றும். திருப்பினால் நாலு நாள் நன்றாகப் பாடும், அப்புறம் லேசரே போய்விடும்.

ஏணைக்கம்பிக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். கையேட்டுப் படத்தில் பெயர் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.