ஏழாம் வகுப்புப் பையனுக்கு அறிவியல் புனைகதை: எதில் தொடங்கலாம்?

பாளை அம்மா:
பையன் இந்த வருஷம் ஏழாம் வகுப்பு. காமிக்ஸ் என்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவான், படம் இல்லாத புத்தகத்தை நீட்டினால் நாலு பக்கத்தில் கொட்டாவி. போன மாதம் பணகுடியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே தெரிகிற மகேந்திரகிரி மலைப் பக்கம்தான் ராக்கெட் எஞ்சினைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அவன் மாமா சொல்லிவைக்க, அன்றிலிருந்து வீட்டில் ராக்கெட் பேச்சுதான். இந்தச் சூடு ஆறுவதற்குள் நல்ல சாகச நாவல் ஒன்றைக் கையில் கொடுத்துவிடப் பார்க்கிறேன். தமிழ் சரளமாகப் படிப்பான், ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான். உங்கள் பிள்ளைகள் நிஜமாகவே கடைசிப் பக்கம்வரை படித்தது எது?

அம்பை வாத்தியார்:
ஜெயமோகனின் பனிமனிதன். சிறுவர்மணியில் தொடராக வந்தது, அதனால் அத்தியாயம் முடியும்போதெல்லாம் 'அப்புறம்?' என்று கேட்க வைக்கும். இமயமலைப் பனியில் ராட்சதக் கால்தடம், அதைத் தேடிப் போகும் பாண்டியன் என்ற ராணுவ அதிகாரி, ஒரு டாக்டர், கிம் என்கிற சிறுவன். பரிணாமம் பற்றி நிறைய வருகிறது, ஆனால் பனியில் மாட்டிக்கொண்டவர்கள் தப்பிப்பார்களா என்ற பதைப்பில் பிள்ளைகளுக்கு அது பாடமாகவே தெரியாது. என் வகுப்பில் சுற்றிய பிரதி வருஷக் கடைசியில் அட்டை இல்லாமல் திரும்பி வந்தது. ராக்கெட் கிடையாது, அதை முதலிலேயே பையனிடம் சொல்லிவிடுங்கள்.

டவுன்காரன்:
சுஜாதாவை விட்டுட்டீங்களே சார். என் இனிய இயந்திரா! ஜீனோ என்கிற இயந்திர நாய் ஒன்று போதாதா?

அம்பை வாத்தியார்:
ஜீனோ எனக்கும் செல்லம்தான் தம்பி. ஆனால் அது விகடனில் பெரியவர்களுக்காக வந்த தொடர். சர்வாதிகாரம், அரசாங்கமே எல்லாருக்கும் இரண்டெழுத்தில் பெயர் வைப்பது, இதிலெல்லாம் உள்ள குத்தல் ஏழாம் வகுப்புக்கு எட்டாது. ஒன்பதாம் வகுப்பில் கொடுத்தால் கீழே வைக்கமாட்டான்.

காயல் கடற்கரை:
அக்கா, நான் ஜூல்ஸ் வெர்ன் பக்கம். 1870இல் புத்தகமாக வந்த 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்', கேப்டன் நெமோவும் அவர் நீர்மூழ்கிக் கப்பல் நாட்டிலஸும். லீக் என்பது பழைய நீள அளவு. தலைப்பில் வரும் இருபதாயிரம் லீக் ஆழம் இல்லை, கப்பல் கடலுக்கடியில் ஓடிய தூரம், இதை வைத்தே பையனிடம் ஒரு பந்தயம் கட்டலாம். நம் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. நாட்டிலஸ் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது! இலங்கைப் பக்கத்து முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிக்கிற இடம், ஆனால் கடல் நம் கடல். தேங்காய் அளவு முத்து விளைந்துகொண்டிருக்கும் ஒரு ராட்சதச் சிப்பியை நெமோ காட்டுகிறார், எடுக்காமல் வளரட்டும் என்று விட்டுவிடுகிறார். திரும்பும்போது, காலில் கல்லை இடுக்கிக்கொண்டு ஒரு ஏழை முத்துக்குளிக்கிறவன் இறங்குகிறான், சிப்பியைப் பறித்து மேலே போகிறான், மறுபடி இறங்குகிறான். அப்போது சுறா. நெமோ குத்துவாளோடு பாய்கிறார். பிழைத்துக் கண்விழித்தவன் கையில் ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். எங்கள் தாத்தா சங்குகுளிக்கிறவர்களைப் பற்றிச் சொன்ன அதே கல், அதே கயிறு. இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. நான் முதலில் வாங்கிய சுருக்கப் பதிப்பில் இந்த இடமே கிடையாது, வெட்டிவிட்டார்கள். வாங்குமுன் முத்து அத்தியாயம் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். முழுப் பதிப்பில் பக்கம் பக்கமாக மீன் பெயர்கள் வரும், தாண்டிப் போகச் சொல்லுங்கள், பாவம் ஒன்றும் இல்லை. நெமோ யார், எந்த ஊர்க்காரர் என்பது வெர்னின் அடுத்தொரு நாவலில்தான் தெரியும், நான் சொல்லமாட்டேன்.

டவுன்காரன்:
சொல்லுங்க அண்ணாச்சி, நான் என்ன ஏழாம் வகுப்பா?

காயல் கடற்கரை:
பிள்ளைகளும் படிக்கிற இடம், தனியாகச் சொல்கிறேன்.

பாளை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நேற்றே பனிமனிதன் எடுக்க நூலகத்துக்குப் போனேன், வெள்ளிக்கிழமை லீவு என்பது மறந்தே போச்சு. சரி என்று ராத்திரி அந்தச் சுறா கதையை வாயாலேயே சொன்னேன். கல்லைக் காலில் இடுக்கினால் மேலே எப்படி வருவான் என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. காயல் தம்பி, எப்படி?

காயல் கடற்கரை:
கீழே போனதும் கல்லை விட்டுவிடுவான் அக்கா. கல்லில் தனிக் கயிறு இருக்கும், தோணியில் இருப்பவர்கள் அதை இழுத்துக்கொள்வார்கள். அவனுக்கு வேறு கயிறு, அதை ஒரு சுண்டு சுண்டினால் மேலே தூக்கிவிடுவார்கள்.