ஸ்ப்ளெண்டர் இன்ஜின் கட்டினதுக்கு அப்புறம் கார்ப்ரேட்டர் வழியா திருப்பி அடிக்குது, கிக்கரும் இறுக்கம். டைமிங் தப்பா?

செயின்லூப்
வண்டி ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், 97.2 சிசி. 50 மி.மீ. போர், 0.50 ஓவர்சைஸுக்கு ரீபோர் ஆகி இப்போ 50.50. பிஸ்டன் கிட், டைமிங் செயின் கிட், ஹெட் கேஸ்கெட் எல்லாம் புதுசு. வால்வு லேப்பிங் பண்ணியாச்சு.

சோக் போட்டா மட்டும் ஸ்டார்ட் ஆகுது. ஆக்சிலேட்டரை கால்வாசிக்கு மேல முறுக்கினா கார்ப்ரேட்டர் வாய் வழியா டப் டப்னு அடிச்சு நின்னுடுது. ஏர் ஃபில்டர் பக்கம் பெட்ரோல் ஆவி வருது. கிக்கர் முன்னைவிட இறுக்கம். பிளக் புதுசு, ஸ்பார்க் நல்லா வருது. ஜெட் ஊதியாச்சு, மேனிஃபோல்ட் ஓ-ரிங் மாத்தியாச்சு.

மேக்னட்ல இருக்கிற கோட்டை, மூடியில இருக்கிற காடிக்கு நேரா வெச்சுத்தான் செயின் மாட்டினது. கேம் ஸ்ப்ராக்கெட்ல 'ஓ' குறி மட்டும் ஹெட் காடியைக் கொஞ்சம் தாண்டி நின்னுது. புது செயின்னால இருக்கும்னு விட்டாச்சு. எங்கே இருந்து பார்க்கிறது?

நாலுகியர்
கேம் 180 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கும் ப்ரோ. ஸ்ப்ராக்கெட்டைக் கழட்டி எதிர்ப்பக்கம் திருப்பி மாட்டுங்க, சரியாயிடும்.

ஃபீலர்கேஜ்
தம்பி, அதைச் செய்யாதீங்க. இந்த இன்ஜின்ல 180-ன்னு ஒரு தப்பே கிடையாது. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. கேமை 180 திருப்புறதும் கிராங்கை ஒரு முழுச் சுத்து சுத்துறதும் ஒண்ணுதான். ஸ்பார்க்குக்கு சிக்னல் தர்ற பல்சர் காயில் மேக்னட் பக்கம் இருக்கிறதால ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு ஸ்பார்க் வரும், எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்ல வர்றது வீணாப் போகும். அதனால 'ஓ' குறி காடிக்கு நேரா நின்னாலும் சரி, நேர் எதிரே நின்னாலும் சரி, வண்டி ஓடும்.

செயின்லூப், மேக்னட்ல எந்தக் கோடு? 'டி' கோடா 'எஃப்' கோடா?

செயின்லூப்
ரெண்டு கோடு இருக்குதா அண்ணா? சுத்தும்போது முதல்ல வந்த கோட்டுலயே நிறுத்தியாச்சு.

ஃபீலர்கேஜ்
அப்போ விஷயம் அங்கேதான். இடப்பக்கத்திலிருந்து பார்த்தா மேக்னட் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில சுத்தும். அப்படிச் சுத்தும்போது முதல்ல வர்றது 'எஃப்', அது இக்னிஷன் குறி. பிஸ்டன் உச்சிக்கு வர சுமார் 15 டிகிரி முன்னாடி. அதைத் தாண்டி வர்ற 'டி'தான் உச்சி. செயினை 'டி'யிலதான் மாட்டணும்.

'ஓ' குறி கொஞ்சம் தாண்டி நின்னதுக்கும் காரணம் இதேதான். ஸ்ப்ராக்கெட் பல்லை எண்ணிப் பாருங்க. 28 பல்லுன்னா ஒரு பல் 12.9 டிகிரி கேம், கிராங்க் கணக்குல 25.7. 'எஃப்'ல நிறுத்தினா, சரியான பல்லுல 'ஓ' குறி காடிக்கு 7.5 டிகிரி முன்னாடியே நிற்கும். அடுத்த பல்லுக்குத் தள்ளினா 5.4 டிகிரி தாண்டி நிற்கும். கண்ணுக்கு ரெண்டாவதுதான் கிட்ட தெரியும், கை அதைத்தான் எடுக்கும். ஆக கேம் ஒரு பல் முந்தி உட்கார்ந்திருக்கு.

கிக்கர் இறுக்கமும் இதோட பொருந்துது. கேம் முந்தினா இன்டேக் வால்வு சீக்கிரம் மூடும், அதனால கிக் அடிக்கும்போது கம்ப்ரஷன் கூடும். ஆனா அதே வால்வு எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியிறதுக்குள்ளேயே திறந்துடும். எரிஞ்ச வாயு கார்ப்ரேட்டர் பக்கம் தள்ளும், டப்னு அடிக்கும். கேம் பிந்தியிருந்தா கிக்கர் லேசா இருந்திருக்கும்.

ரீபோர்50
கவர் கழட்டாமலே உறுதி பண்ணலாம். ரெண்டு டேப்பட் மூடியையும் திறந்துட்டு, பிளக்கைக் கழட்டி, மேக்னட் நட்டைப் பிடிச்சு மெதுவா சுத்துங்க. எக்ஸாஸ்ட் முடியிற 'டி'யில நிறுத்துங்க. சரியான டைமிங்ல எக்ஸாஸ்ட் மூடி முடியிற நேரம், இன்டேக் திறக்க ஆரம்பிக்கிற நேரம் அது. ரெண்டு வால்வும் ஏறக்குறைய ஒரே மட்டத்துல இருக்கும். இன்டேக் மட்டும் நல்லா அமுங்கியிருந்தா கேம் முந்தியிருக்கு.

ஒரு எச்சரிக்கை: மேக்னட்டைக் கிராங்க்ல நகராம பிடிச்சு வைக்கிற கீ வெட்டுப்பட்டிருந்தா 'டி' கோடே பொய் சொல்லும். பிளக் ஓட்டையில ஒரு கேபிள் டையை விட்டு, பிஸ்டன் அதைத் தள்ளுற இடத்தைப் பாருங்க. உச்சிக்கு முன்னாடி ஒரு ஆழம், உச்சிக்கு அப்புறம் அதே ஆழம், ரெண்டு இடத்திலும் மேக்னட்ல பென்சில் கோடு. நடுப்புள்ளிதான் உண்மையான உச்சி. உச்சிக்கிட்ட பிஸ்டன் அசைவே தெரியாதுங்கிறதால, நேரடியா உச்சியைத் தேடினா ஏமாந்துடுவோம்.

ஃபீலர்கேஜ்
சரி பண்ண ஹெட்டைக் கழட்ட வேண்டாம், புது கேஸ்கெட் வீணாகாது. ஆயிலை வடிச்சுட்டு, அடியில இருக்கிற டென்ஷனர் போல்ட்டைக் கழட்டி ஸ்பிரிங்கை வெளியே எடுங்க. செயின் தளரும். டேப்பட் ஸ்க்ரூ ரெண்டையும் நல்லா தளர்த்திடுங்க. வால்வு திறந்து நிற்கிறப்போ கேம் தனியாவும் கிராங்க் தனியாவும் திரும்பினா பிஸ்டன் வால்வை இடிக்கும். ஹெட்டோட இடப்பக்க வட்ட மூடியைத் திறங்க. செயின் போற ஓட்டையைத் துணியால அடைச்சிட்டு அப்புறம் ஸ்ப்ராக்கெட் போல்ட்டைத் தொடுங்க. போல்ட் உள்ளே விழுந்தா மேக்னட் கழட்டி, சில நேரம் கேஸே பிரிக்க வேண்டிவரும்.

செயினைக் கம்பி போட்டு மேலே இழுத்துக் கட்டி வைங்க. கிராங்கை 'டி'க்குக் கொண்டு வாங்க, கேமை 'ஓ' குறிக்குத் திருப்புங்க, செயினை ஏத்தி ஸ்ப்ராக்கெட்டை உட்கார வைங்க. டென்ஷனர் போட்டதுக்கு அப்புறம்தான் குறியை நம்பணும். செயின் தளர்ந்திருக்கிறப்போ எல்லாமே நேராத்தான் தெரியும். கையால நாலு சுத்து சுத்துங்க. எங்காவது கெட்டியா தடுத்தா பலம் போடாதீங்க. ஒரு 'டி' விட்டு ஒரு 'டி'யில 'ஓ' குறி காடிக்கு நேரா வரணும். அப்புறம் ரெண்டு வால்வும் மூடியிருக்கிற கம்ப்ரஷன் 'டி'யில, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, மேனுவல் அளவுக்கு டேப்பட் இடைவெளி வைங்க. டைமிங் தப்பா இருந்தப்போ வெச்ச அளவை அப்படியே விட வேண்டாம்.

நாலுகியர்
180 விஷயம் புரிஞ்சுது, நன்றி. வால்வு வளைஞ்சிருக்குமா? அஞ்சு மில்லி ஆயில் பிளக் ஓட்டையில ஊத்தி கம்ப்ரஷன் பார்த்தா தெரியுமே?

ரீபோர்50
அந்தச் சோதனை நிமிர்ந்து நிற்கிற சிலிண்டருக்கு. ஸ்ப்ளெண்டர்ல சிலிண்டர் கிட்டத்தட்ட படுத்திருக்கு, ஆயில் கீழ்ப்பக்கச் சுவர்லதான் தேங்கும், ரிங் முழுக்கப் பரவாது. வர்ற கணக்கை நம்பாதீங்க.

காத்து வெச்சுப் பாருங்க. பழைய பிளக்கோட பீங்கானை உடைச்சு எடுத்துட்டு, அந்த இரும்புக் கூட்டுல டியூப் பிடிச்சா அடாப்டர் ரெடி, பஞ்சர் கடை கம்ப்ரசர் போதும். கம்ப்ரஷன் 'டி', டாப் கியர், பின் பிரேக் மிதிச்சு ஒருத்தர். காத்து பிஸ்டனைத் தள்ளி வண்டியை நகர்த்தப் பார்க்கும். கார்ப்ரேட்டர்ல சீறினா இன்டேக், சைலன்சர்ல சீறினா எக்ஸாஸ்ட், ஆயில் ஊத்துற ஓட்டையில வந்தா ரிங். புது ரிங் இன்னும் படியலைன்னா அங்கே லேசா வரத்தான் செய்யும். கேம் முந்தின கேஸ்ல சந்தேகப்பட வேண்டியது இன்டேக் வால்வை. உச்சிக்கு ஏறி வர்ற பிஸ்டனுக்கு எதிரே இறங்குறது அதுதான்.

செயின்லூப்
பார்த்தாச்சு. 28 பல், ஒரு பல் முந்தித்தான் இருந்தது. மேக்னட் கீ நல்லா இருக்கு. மாத்தி மாட்டினதும் சோக் இல்லாமலே ஸ்டார்ட் ஆகுது, திருப்பி அடிக்கலை. காத்து வெச்சப்போ ஆயில் ஓட்டையில மட்டும் லேசான சத்தம். ஐடிலிங்ல இடப்பக்கம் செயின் உரசுற மாதிரி ஒரு சலசலப்பு மிச்சம் இருக்கு.

ஃபீலர்கேஜ்
டென்ஷனர் புஷ் ராட் சுத்தி ஆயில் நிரம்பணும், கழட்டினப்போ வடிஞ்சிருக்கும். கொஞ்ச நேரம் ஓட்டுங்க. சூடானதுக்கு அப்புறமும் சத்தம் இருந்தா போல்ட்டைத் திறந்து ராட் தடையில்லாம மேலே கீழே போகுதா, ஸ்பிரிங் பழசா புதுசான்னு பாருங்க. கிட்டுல ஸ்பிரிங் வராம இருந்திருந்தா தனியா வாங்கிப் போடுங்க. அதோட ஐடிலிங்ல ஒரு டேப்பட் மூடியைத் திறந்து, ஹெட்டுக்கு ஆயில் வருதான்னும் பார்த்துடுங்க.