ஐடி பாலிசியை மாற்றியதிலிருந்து கிளைகளில் வேலை நகரவில்லை, உங்கள் ஆபீஸில் எப்படிச் சமாளித்தீர்கள்?

கிண்டி_சிஸ்டம்ஸ்:
எல்லோருக்கும் வணக்கம். கிண்டியில் தலைமை அலுவலகம் இருக்கிற ஒரு கடன் நிறுவனத்தில் ஐடி பிரிவில் இருக்கிறேன். வண்டிக் கடன், சின்னக் கடைக்காரர்களுக்குக் கடன், இதுதான் தொழில். சொத்து ஆயிரம் கோடியைத் தாண்டியதும் ரிசர்வ் வங்கி கடன் நிறுவனங்களைப் பிரித்து வைத்திருக்கிற அடுக்குகளில் நடு அடுக்குக்கு வந்துவிட்டோம், அதனால் 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த ஐடி நிர்வாக விதிகள் இப்போது எங்களுக்கும் பொருந்தும். மேலிடம் ஒரு ஆலோசகரை வைத்துப் பாலிசி முழுவதையும் புதிதாக எழுதி, ஒரே நாளில் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிவிட்டது. பென்டிரைவ் கிடையாது, வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் ஆவணம் கூடாது, சாஃப்ட்வேரில் எந்த மாற்றமும் வியாழக்கிழமைக் கமிட்டி ஒப்புதல் இல்லாமல் போகக் கூடாது.

விதிகள் தேவைதான். ஆனால் போன வாரம் ஆவடிப் பக்கம் ஒரு கிளையில் பார்த்தது தூக்கிவாரிப் போட்டது. புதிய போர்ட்டலில் ஒரு ஃபைல் 2 எம்பிக்கு மேல் ஏறாது, கிளை ஸ்கேனரில் எடுத்தால் ஒரு ஆர்சி புக்கே அதைத் தாண்டிவிடும், சைஸைக் குறைக்கிற சாஃப்ட்வேர் போட அட்மின் உரிமையும் இல்லை. அதனால் பையன் ஆதாரையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய், அங்கே சின்னதாக ஸ்கேன் செய்து, கடைக்காரர் மெயிலிலிருந்து கிளைக்கு அனுப்பி, அப்புறம் ஏற்றுகிறான். கடைக் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் எங்கள் வாடிக்கையாளர்களின் ஆதார் வரிசையாகக் கிடக்கிறது. இதை மேலிடத்துக்கு எப்படிப் புரியவைப்பது?

மயிலை_ஆடிட்டர்:
சார், பார்த்ததை அப்படியே எழுத்தில் கொடுங்கள். 'கிளைகளில் சிரமம்' என்று பொதுவாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எந்தக் கிளை, எந்தத் தேதி, என்ன ஆவணம் என்று இருக்கட்டும், அது ரிஸ்க் ரெஜிஸ்டரில், அதாவது நிறுவனத்தின் அபாயங்களைக் குறித்து வைக்கிற பதிவேட்டில், ஏறட்டும். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது, அந்த ஒரு வரியையும் சேருங்கள். நீங்கள் சொன்ன ரிசர்வ் வங்கி ஐடி விதிகளின்படி போர்டு அளவில் ஐடி வியூகக் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், அங்கே போக வேண்டிய விஷயம் இது.

இன்னொன்று, உங்கள் தகவல் பாதுகாப்பு அதிகாரி யாருக்குக் கீழே இருக்கிறார்? ஐடி தலைவருக்குக் கீழே இருக்கவே கூடாது என்கிறது விதி. வரைபடத்தில் மட்டும் கோட்டை மாற்றிப் போட்டுவிட்டு, அப்ரைசலை ஐடி தலைவரே எழுதுகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் கசப்பான செய்தி எதுவும் மேலே போகாது.

தாம்பரம்_கிளை:
நான் கிளை மேலாளர், வேறு நிறுவனம். அந்தப் பையனைத் திட்டாதீர்கள் சார். கடன் கேட்டு வருகிறவர் பட்டறையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார், போர்ட்டல் ஏறவில்லை நாளைக்கு வாங்க என்றால் எதிர்க் கம்பெனிக்குப் போய்விடுவார், மாத டார்கெட்டை எங்களுக்கு யாரும் குறைத்துத் தருவதில்லை. பாலிசி எழுதும்போது கிளையிலிருந்து ஒருவரையாவது கூப்பிட்டிருந்தால் இந்த 2 எம்பி முதல் நாளே தெரிந்திருக்கும். எங்களுக்கு மாதம் ஒரு தடவை பாஸ்வேர்டு மாற்ற வேண்டும், பாதிப் பேர் மானிட்டருக்குப் பின்னால் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

சிறுசேரி_ஆள்:
பாஸ்வேர்டு விஷயத்தில் தாம்பரம் சொல்வது சரி. கசிந்ததாகத் தெரிந்தால் ஒழிய சும்மா சும்மா மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே சொல்லிவிட்டது.

ப்ரோ, வியாழக்கிழமைக் கமிட்டியை எடுக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், அது வேண்டும். அதோடு அவசர மாற்றத்துக்கு ஒரு தனி வழி கேளுங்கள்: இரண்டு பேர் போனில் ஒப்புதல், வேலை முடிந்தபின் கமிட்டியில் பதிவு. ஐந்தாம் தேதி இஎம்ஐ போக வேண்டிய நேரத்தில் ஏதாவது உடைந்தால் வியாழன் வரை உட்கார்ந்திருக்க முடியாது. விதிவிலக்கு கொடுத்தால் முடியும் தேதி போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதுவே நிரந்தரமாகிவிடும்.

என்னை அதிகம் உறுத்துவது இந்த மாதிரிப் பாலிசிகளில் வருகிற தண்டனைப் பகுதி. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி சைபர் சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குப் புகார் போக வேண்டும். 'மீறினால் ஒழுங்கு நடவடிக்கை' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தால், தப்பான லிங்க்கைத் தட்டியவன் வாயே திறக்க மாட்டான். தானாக வந்து சொல்பவருக்கு நடவடிக்கை இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

கிண்டி_சிஸ்டம்ஸ்:
எல்லோருக்கும் நன்றி. விசாரித்தேன், எங்கள் பாதுகாப்பு அதிகாரி இன்னும் ஐடி தலைவருக்குத்தான் ரிப்போர்ட் செய்கிறார், அதையும் சேர்த்து எழுதுகிறேன். கடைக்காரரிடம் பேசி ஃபைல்களை அழிக்கச் சொல்ல இன்றைக்கே ஆள் அனுப்புகிறோம், அளவை 10 எம்பி ஆக்குவது இந்த வியாழன் கமிட்டிக்குப் போகிறது. கிளை ஆட்கள் போனில் படம் எடுத்து, கேலரியில் சேமிக்காமல் நேராகப் போர்ட்டலில் ஏற்றுகிற ஆப் யாராவது ஓட்டுகிறீர்களா? சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடங்களில் தாங்குகிறதா என்பதுதான் தெரிய வேண்டும்.